பகல் 12 முதல் 4 வரை

அனுப்புநர்: மேற்கு மாம்பலத்தில் 22 வருடமாகக் குடியிருப்பவள். ஊரிலிருந்து வரும் சொந்தபந்தங்களுக்கெல்லாம் சென்னையைச் சுற்றிக்காட்டும் வேலை, யாரும் கேட்காமலே என் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

பெறுநர்: சென்னையில் எது எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எத்தனை மணிக்குச் சாத்த வேண்டும், எங்கே பெஞ்சு போடலாம், எங்கே போடக்கூடாது என்று முடிவெடுக்கும் அத்தனை பேரும். நீங்கள் எல்லோரும் ஒரே அலுவலகத்தில் இல்லை என்று தெரியும். சிக்கலே அதுதான்.

பொருள்: மத்தியானம்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

போன மே மாதம், கத்திரி வெயிலில், தென்காசிப் பக்கத்துச் சுரண்டையிலிருந்து என் சித்தியும் சித்தப்பாவும் வந்தார்கள். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். முகூர்த்தப் பட்டு எடுக்க வேண்டும், அப்படியே மெட்ராஸையும் ஒரு நடை பார்த்துவிட வேண்டும். பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, அன்று ராத்திரி அதே பொதிகையில் ஏறுவதாக ஏற்பாடு. கையில் இருந்தது ஒரே ஒரு பகல்.

சித்தப்பா ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பற்றி ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். ஆனால் திருவாலங்காட்டு நடராசரை அவர் பார்த்ததெல்லாம் பாடப்புத்தகத்தில் மை அப்பிய ஒரு மங்கல் படமாகத்தான். அந்த நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். 1851இல் தொடங்கிய இடம். "புடவைக் கடைக்கு நீங்க ரெண்டு பேரும் போங்க. என்னைய நடராசர் முன்னால விட்டுட்டு, சாயங்காலமா வந்து கூட்டிக்கோங்க" என்றார்.

பத்து மணிக்குப் போய் நின்றோம். கதவு சாத்தியிருந்தது. அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதுதான் உறைக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. கம்பிக்கு நடுவே கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அறிவிப்புப் பலகையை, வகுப்பில் வாசிப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். "கோட்டைக்குள்ள ஒரு மியூசியம் இருக்கும்லா, அங்க போவமா?" என்று கேட்டார். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிதான் விடுமுறை.

பழசைப் பார்க்க இந்த ஊரில் இருக்கிற இரண்டு பெரிய இடங்களும் ஒரே நாளில் சாத்தியிருக்கும். செவ்வாய்க்கிழமை வருகிறவர்களுக்கு வண்டலூர் மிருகக்காட்சிசாலை கிடையாது, கிண்டிப் பாம்புப் பண்ணை கிடையாது, தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்டும் முட்டுக்காட்டு தட்சிணசித்ராவும் கிடையாது. திங்கட்கிழமை கலங்கரை விளக்கத்தில் ஏற முடியாது. வேலை பார்க்கிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், அதில் பேச்சில்லை. எங்கள் தெருவில் இருக்கிற இரண்டு மருந்துக் கடைக்காரர்களும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். அவர்களே ஒருவர் ஞாயிறு மதியம், ஒருவர் திங்கள் மதியம் என்று மாற்றித்தான் மூடுகிறார்கள். நீங்கள் அந்த அளவுக்காவது பேசிக்கொள்ளலாம். எழும்பூரிலும் சென்ட்ரலிலும் வண்டி வந்து நிற்கிற பிளாட்பாரத்தில், இன்றைக்கு எதெல்லாம் திறந்திருக்கும் என்று ஒரு பலகை வைத்தால் என்னைப் போன்ற மறதிக்காரர்களும் பிழைத்துக்கொள்வோம்.

ஆனால் நான் எழுத வந்தது கிழமையைப் பற்றி இல்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

அதே பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. 1935இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு. சித்தப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அங்கே கூட்டிப்போனேன். சித்தி ஒரு சுங்குடியும் இரண்டு போர்வையும் எடுத்தாள். பட்டுக்கு மட்டும் "தி.நகர்ல பாக்காம எடுக்கக்கூடாது" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். கல்யாணப் பெண்ணுக்குப் பெங்களூரில் வேலை; ஒவ்வொரு புடவையும் வீடியோ காலில் அவளிடம் போய் ஒப்புதல் வாங்கி வர வேண்டும். அப்படியே பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. மயிலாப்பூருக்கு ஆட்டோ பிடித்தோம். கபாலீசுவரர் கோயிலுக்குள் நுழையும்போது நடை சாத்திக்கொண்டிருந்தார்கள். இனி நாலு மணிக்குத்தான்.

சாமி ஓய்வெடுக்கிற நேரம், அதில் எனக்கு வழக்கு இல்லை. இருந்தாலும் ஒரு நாள் வந்த மனிதருக்கு, காலையில் ஒரு கதவு, மத்தியானம் ஒரு கதவு. "நாம போற எடத்துலல்லாம் நமக்கு முன்னால ஒருத்தன் சாவியோட போறான் போலயே" என்றார் சித்தப்பா.

மாட வீதியில் கொஞ்ச நேரம் நடந்தோம். பித்தளை விளக்கு, பூசைச் சாமான், பரதநாட்டியத்துக்கான கல் வைத்த நகை என்று சித்திக்குப் பொழுது போனது. பக்கத்துத் தெரு மெஸ்ஸில் சாப்பாடு. இலைச் சாப்பாட்டை நான் புகழ்ந்துதான் ஆக வேண்டும்: அன்றைக்கு வாழைப்பூ உசிலி, மோர்க்குழம்பு, தட்டு தட்டாகச் சுட்ட அப்பளம். ஆனால் சென்னையில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், ரசத்துக்கு வரும்போதே முதுகுக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றுவிடும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் மேலும் குற்றமில்லை. வெளியே நிற்க நிழல் இல்லை. சித்தப்பா மோர் சாதத்தைப் பாதியில் விட்டுவிட்டு இலையை மடித்தார். "புள்ளைங்க பசியோட நிக்குது" என்றார்.

கை கழுவி வெளியே வந்தபோது மணி ஒன்றே முக்கால். இந்த மடல் இந்த நிமிடத்தைப் பற்றியது.

ஒன்றே முக்கால் மணி, மே மாதம், சென்னை. உங்களுடன் அறுபது தாண்டிய இருவர் இருக்கிறார்கள். கோயில் சாத்தியிருக்கிறது. அருங்காட்சியகம் விடுமுறை. மெரினாவுக்குப் போகலாமா? 2003 மே 31ஆம் தேதி இந்த ஊரில் 45 டிகிரி அடித்தது. அவ்வளவு வேண்டாம், 39 அடித்தாலே அந்த மணலில் செருப்போடும் நிற்க முடியாது. கலங்கரை விளக்கத்துக்கும் மதிய இடைவேளை உண்டு. பூங்காவில் உட்காரலாம் என்று வழியில் ஒன்றைப் பார்த்து ஆட்டோவை நிறுத்தினேன். உள்ளே தூங்குமூஞ்சி மரம், அதன் கீழே சிமெண்டு பெஞ்சு, பெஞ்சின் மேல் நல்ல கருத்த நிழல். வெளியே பூட்டு. பெஞ்சு தேயாமல் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள்.

சரி, ஹோட்டலில் போய் ஒரு காபி சாப்பிட்டபடி ஒரு மணி நேரத்தை ஓட்டலாம் என்றால், அது இரண்டரை மணியிலிருந்து நடக்காது. மீல்ஸ் முடிந்திருக்கும், டிபன் ஆரம்பித்திருக்காது. மேசை மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்துத் தரை துடைத்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு வழக்கமாக ஒரு வழி உண்டு, வெட்கப்படாமல் சொல்கிறேன். இந்த நேரத்தில் விருந்தாளிகளை மெட்ரோவில் ஏற்றி, விம்கோ நகர் வரை போய், இறங்கி, மறுபடி ஏறித் திரும்பிவிடுவேன். குளுகுளுவென்று ஒன்றரை மணி நேரம் போய்விடும். 2015இல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே முதல் வண்டி விட்டபோது போக்குவரத்து நெரிசல் குறையும் என்றுதான் சொன்னார்கள். சொந்தக்காரர்களை உட்காரவைக்கவும் உதவும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு சித்தி அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டு எடுக்காமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் அவள் பையில் அப்படியே இருந்தது, மூடியின் வளையம்வரை. அந்த வெயிலில் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. கேட்டேன். "குடிச்சா எங்கட்டி போறது?" என்றாள். கூச்சப்பட்டுச் சொன்ன பதில் இல்லை. வெளியூர்ப் பயணம் என்றால் இதுதான் கணக்கு என்பதுபோலச் சொன்னாள். சாப்பிடும்போதும் ரசத்தையும் மோரையும் தள்ளிவிட்டது அதற்காகத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு ஊரின் விருந்தோம்பலை எதை வைத்து அளப்பீர்களோ தெரியாது, நான் அந்தப் பாட்டிலை வைத்துத்தான் அளப்பேன்.

தி.நகர். இந்த இடத்தைப் பற்றி சித்தப்பாவுக்கு நான் ஒரு பாடம் நடத்தினேன், வாத்தியாருக்கே. 1920களில் இங்கே இருந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் இந்த நகரை எழுப்பினார்கள். நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயர் வைத்தார்கள். முதன்மை அமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயரில் பூங்கா அமைத்தார்கள். பாண்டி பஜார் என்று நாம் சொல்வது சௌந்தரபாண்டியனாரின் பெயர். எங்கள் மேற்கு மாம்பலத்தில் இன்னும் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் எதிர் வீட்டு மாடிதான் தெரியும். "அப்ப இது பூராவும் தண்ணியா இருந்த எடமா?" என்று கேட்டுவிட்டு, ரங்கநாதன் தெரு முனையில் பத்து ரூபாய்க்கு இரண்டு தண்ணீர்ப் பாக்கெட் வாங்கினார் சித்தப்பா.

கடைக்குள் நுழைந்ததும் குளிர். யாரும் துணி எடுக்க மட்டும் அங்கே வருவதில்லை என்பது படிக்கட்டைப் பார்த்தாலே தெரியும். ஒவ்வொரு மாடிக்கும் நடுவே, படியின் ஓரமாக, வரிசையாக ஆண்கள். மடியில் பை, காலுக்கு நடுவே பை, தோளில் தூங்கும் குழந்தை. யாரும் யாருடனும் பேசுவதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை காவலாளி வந்து "சார், படியில உக்காராதீங்க, வழி விடுங்க" என்பார். எழுந்து நிற்பார்கள். அவர் மேல் மாடிக்குப் போனதும் உட்கார்ந்துகொள்வார்கள். சித்தப்பாவும் அந்த வரிசையில் போய்ச் சேர்ந்தார். நடராசர் முன்னால் நிற்க வந்த மனிதர், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே இரண்டேகால் மணி நேரம் இருந்தார்.

பட்டுப் பிரிவில் நாற்பதாவது புடவையை விரித்துக்கொண்டிருந்தபோது சித்தியின் முகம் மாறியது. கழிவறை எங்கே என்று கேட்டேன். ஏழாவது மாடி. லிஃப்டுக்கு முன்னால் முப்பது பேர். புடவை காட்டிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். சித்தியின் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க எந்தூரு பெரியம்மா?" என்று கேட்டாள். சுரண்டை என்றதும், "நான் பாவூர்சத்திரம்" என்றாள். அதற்கப்புறம் எல்லாம் சுலபமாகிவிட்டது. மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், ஊழியர்கள் போகிற பின்வழியைக் காட்டிவிட்டாள். திரும்பி வந்ததும், கவுண்டருக்கு அடியில் கால் வைத்திருந்த இடத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றாள்.

அந்த ஸ்டூலின் கதை உங்களுக்குத் தெரியும். 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினீர்களே, அதனால் வந்த ஸ்டூல். கேரளத்தில் 2018இலேயே கொண்டுவந்துவிட்டார்கள். தாமதமானாலும் நல்ல காரியம். அந்தக் கவுண்டரில் நின்றவர்கள் நாலு பேர், ஸ்டூல் ஒன்று. அதையும் அவள் சித்திக்குக் கொடுத்துவிட்டு, சுவரில் ஒரு குதிகாலை ஊன்றி நின்றபடி நாற்பத்தோராவது புடவையை விரித்தாள். வாடிக்கையாளருக்கு இடமில்லாததால் ஊழியரின் இடம் பறிபோகிறது. சட்டம் எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

தமிழக அரசு 2019இல், 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அனுமதி கொடுத்தது. பிறகு நீட்டித்தும் வருகிறது. வாங்குகிறவனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கும் கதவு திறந்திருக்கலாம். பார்க்க மட்டும் வந்தவனுக்குப் பகல் இரண்டு மணிக்குப் போக்கிடம் இல்லை. ஒரு ஊர் தன்னைப் பார்க்க வருகிறவர்களையெல்லாம் மத்தியானத்தில் கடைக்குள் தள்ளிவிடுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேண்டுமென்று செய்ததாகச் சொல்லவில்லை. யாரும் யோசிக்காமல் விட்டது அப்படி அமைந்துவிட்டது.

உங்களால் முடியாததைக் கேட்கவில்லை. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி, உட்கார இடம் போட்டீர்கள். அதற்கு முன்னால் அந்தச் சாலையில் நடந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கார் வைத்திருப்பவர்கள் இன்றுவரை திட்டுகிறார்கள், திட்டட்டும். 2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம்வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தீர்கள். அன்றைக்குப் பைகளோடு அதில்தான் வீடு திரும்பினோம். லிஃப்ட் இருக்கிறது, கூரை இருக்கிறது, காற்று வருகிறது. சித்தி நடுவழியில் பைகளைக் கீழே வைத்துவிட்டு ரங்கநாதன் தெருவை மேலிருந்து பார்த்தாள். அன்றைய நாளில் அவளுக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்கிறாள்.

உங்களுக்கு முன்னாலும் இந்த மண்ணில் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பாதைகளில் சுமைதாங்கிக் கல் நிற்கும். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன்மேல் இறக்கிவிட்டு மூச்சு வாங்கலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நடுவார்கள். சென்ட்ரலுக்கு எதிரே ராமசாமி முதலியார் சத்திரத்தை ரயிலில் வந்து இறங்குகிறவர்களை நினைத்துத்தான் கட்டினார்கள். இன்றைக்கும் பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழா அன்று மயிலாப்பூரில் போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு தண்ணீர்ப்பந்தல், நீர்மோர், பானகம், விசிறி. யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. கோடையில் கட்சிக்காரர்களும் பந்தல் போடத்தான் செய்கிறார்கள். தலைவரின் படம் இருக்கும் அளவுக்குப் பானை இருப்பதில்லை என்பதுதான் குறை.

ஆகவே கேட்கிறேன். நிழல் இருக்கிற பூங்காக்களின் பூட்டை மத்தியானத்திலும் திறந்து வையுங்கள். கோயில், கடற்கரை, கடைவீதி, இந்த மூன்றுக்கும் பக்கத்தில் கூரை போட்ட ஒரு இடம், சாய்ந்து உட்காரும்படி பெஞ்சு, குடிதண்ணீர். பெண்கள் நம்பிப் போகக்கூடிய, உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிற கழிவறை. அது எங்கே இருக்கிறது என்று நூறு அடிக்கு முன்னாலேயே காட்டும் அம்புக்குறி. பெரிய கடைக்காரர்களிடம், படிக்கட்டில் உட்காராதே என்று சொல்லுமுன் உட்கார வேறொரு இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அம்மா உணவகங்களை 2013இலிருந்து நடத்துகிறீர்கள், ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் போட முடிந்த ஊருக்கு இது பெரிய செலவில்லை.

நாலு மணிக்கு மேல் இந்த ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மெரினாவில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல், பர்மா பஜார் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸ், சௌகார்பேட்டையில் சுடச்சுட ஜிலேபி, கபாலி கோயில் வாசலில் மல்லிகைப்பூ வாசம். அதையெல்லாம் காட்டத்தான் நான் ஆள் கூட்டி வருகிறேன். ஆனால் நாலு மணி ஆகும்போது அவர்கள் களைத்துப்போய், "வீட்டுக்குப் போயிருவமா?" என்று கேட்கும் நிலையில் இருக்கிறார்கள். அன்றைக்கும் அதுதான் நடந்தது. கடல் பார்க்கவில்லை. சித்தி திண்ணை இல்லாத என் வீட்டு வாசற்படியில் கால் நீட்டி உட்கார்ந்து, அந்தத் தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தாள்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நாற்பத்தோராவது புடவைதான் முகூர்த்தப் புடவை. அடுத்த மே மாதம் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். நாள்காட்டியை இரண்டு முறை பார்த்துவிட்டேன், சனிக்கிழமை. காலையில் நடராசர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடுவேன், அதில் கவலையில்லை. வெளியே வரும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். அங்கிருந்து எங்கே கூட்டிப்போகட்டும் என்று மட்டும் அதற்குள் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

இப்படிக்கு,
லேக் வியூ ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள்